இன்னும் தூங்காத ராத்திரிக்கு ஒரு டிக்

எங்க வூட்டுக்காரரு ஏழு ஞாயித்துக்கிழமை பல் டாக்டருகிட்ட போனாருன்னு பிள்ளைப்பாக்கத்துல எல்லாருக்கும் தெரியும். ஏழு வாரமும் சர்ச்சுல எங்க இடம் காலி. பக்கத்து வூட்டு செங்கமலம் அக்கா ஒரு நாளு தண்ணி புடிக்கிற எடத்துல என்னைப் புடிச்சுக்கினு, "இன்னா மெர்சி, அந்த மனுஷனுக்கு மொத்தம் எத்தினி பல்லுதான் கீது?"ன்னு கேட்டுச்சு. வேரு வரைக்கும் சொத்தைக்கா, மெதுவாத்தான் பண்ணுவாங்கன்னு சொன்னேன். பொய். பல் டாக்டரு இருந்தது கீழ. நாங்க போனது அதுக்கு மேல் மாடி. பெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, செங்குத்தா ஒரு இரும்புப் படிக்கட்டு ஏறிப் போனா, சந்திரலேகான்னு ஒரு சைக்காலஜிஸ்ட் மேடம்.

இப்ப சொல்றதுக்கு எனக்கு வெக்கம் இல்ல. மறைச்சு மறைச்சு இன்னாத்தைக் கண்டோம்.

அவரு பேரு ஏசுவடியான். சாயர்புரம் பக்கத்துலேருந்து ஐ.டி.ஐ. சர்டிபிகேட்டையும் ஒரு பையையும் எடுத்துக்கினு பத்தொம்பது வயசுல ஒரகடத்துக்கு வந்தவரு. வந்த புதுசுல சேரப்பணஞ்சேரியில ஒரே ரூமுல பதினோரு பேரு. மூணு ஷிஃப்டுக்கும் ஆளு இருந்ததால பாயைச் சுருட்டவே மாட்டாங்களாம், ஒருத்தன் எழுந்தா அதே சூட்டுல இன்னொருத்தன் படுத்துப்பான். நான் உள்ளூருக்காரி. ஒயரு கட்டுற கம்பெனியில லைன்ல நின்னுக்கினு இருந்தேன். சர்ச்சு கூட்டத்துக்கு சேரு எடுத்துப் போட வந்தவரு, கூட்டம் முடிஞ்சு எல்லா சேரையும் அடுக்கிட்டு, நான் குந்தினு இருந்த சேருக்குப் பக்கத்துல கம்முனு நின்னாரு. எழுந்திருங்கன்னு சொல்ல வாய் வரல. அரைமணி நேரம் நின்னாரு. அந்த ஆளு சுபாவமே அதான். மனசுல ஒண்ணு இருந்தா அது வாய்க்கு வர்றதுக்குள்ள நமக்கு வயசாயிடும். அப்ப எனக்கு அது புடிச்சிருந்துது, கட்டிக்கினேன்.

கார் கதவுக்குத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்புல ஆபரேட்டரா சேந்தவரு, லைன் லீடர் வரைக்கும் வந்தாரு. கம்பெனியில அவருக்கு 'ஆடிட் ஏசு'ன்னு பேரு. கார் கம்பெனியிலேருந்து சோதனை பண்ண ஆளுங்க வந்தா, இவரு லைனுக்குத்தான் நேரா கூட்டிக்கினு வருவாங்க. அதுக்கு மூணு நாள் முன்னாடியே பசங்களை வரிசையா நிக்க வெச்சு சொல்லிக் குடுப்பாரு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. மேல ஒரு வார்த்தை பேசாத. நீயா எதையும் காட்டாத. தெரியலன்னு சொல்லாத, லீடரைக் கூப்பிடுறேன்னு சொல்லு. பேப்பர்ல ஒரு கட்டம் கூட காலியா இருக்கக் கூடாது. இத்தினி வருஷத்துல அந்த லைன்ல ஒரு குறை எழுதினது கிடையாது. வூட்டுக்கு வந்து அதை நடிச்சுக் காட்டி சிரிப்பாரு. எனக்கும் பெருமைதான், இல்லன்னு எப்படிச் சொல்றது.

அவரு லைன்ல மாரிராஜுன்னு ஒருத்தன். சங்கரன்கோயில் பக்கம். முப்பது வயசு இருக்கும், கான்ட்ராக்டுல இருந்தான். இவரை அண்ணேன்னும் என்னை மதினின்னும் கூப்புடுவான். ஞாயித்துக்கிழமை மதியானம் எங்க வூட்லதான் சாப்பாடு. எங்க பொண்ணு நிலாவுக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக் குடுத்ததே அவன்தான்.

அவன் வேலை செஞ்ச பிரஸ் மெஷினுக்கு முன்னாடி ஒரு சென்சார் கீது. கை உள்ள போச்சுன்னா மெஷினை அப்படியே நிறுத்திடும். ஒவ்வொரு நாளும் ஷிஃப்டு ஆரம்பத்துல லைன் லீடரு ஒரு கம்பிய உள்ள நீட்டி, மெஷின் நிக்குதான்னு பாத்துட்டு, ஷீட்டுல டிக் அடிச்சு கையெழுத்துப் போடணும். யாரும் தினமும் பாக்கறது இல்ல. திங்கக்கிழமை காலைல ஒரே மூச்சுல சனிக்கிழமை வரைக்கும் டிக் அடிச்சுட்டு வேலையப் பாக்கப் போயிடுவாங்க. இவரும் அப்படித்தான். இதை யாரும் தப்புன்னு நெனைச்சது இல்ல. எங்க கம்பெனியிலயும் இதே கூத்துதான் நடக்குது.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி ஒரு வியாழக்கிழமை. முந்தின ஷிஃப்டுல ரிப்பேருக்காக சென்சாரைக் கழட்டி வுட்டவங்க திரும்ப மாட்டல. சிக்கிக்கினு இருந்த தகடை எடுக்க மாரிராஜு கைய உள்ள வுட்டான். மெஷின் நிக்கல. வலது கையில மூணு விரல் போயிடுச்சு.

ஷீட்டுல அந்த வியாழக்கிழமைக்கு டிக் இருந்துது. பக்கத்துல இவரு கையெழுத்து. ரெண்டு வாரம் கழிச்சு விசாரணை வெச்சாங்க. கட்டுப் போட்ட கையோட மாரிராஜு எதிர்ல குந்தினு இருக்க, எச்.ஆர். இவரைக் கேட்டாங்க, காலைல சென்சாரை செக் பண்ணீங்களான்னு. பண்ணேன் சார், ஓகேவா இருந்துதுன்னு சொல்லிட்டாரு. காலைல ஓகேவா இருந்த சென்சாரை அப்புறம் கழட்டினது யாரு? வேகமா பீஸ் எடுக்கணும்னு மாரிராஜே கழட்டிட்டான், அவன் கவனக்குறைவுன்னு எழுதி மூடிட்டாங்க. அந்த மாசமே அவனை வேலைய வுட்டு நிறுத்திட்டாங்க.

அந்த 'ஓகேவா இருந்துது' தான் எங்க வூட்டுக்குள்ள வந்து குந்திக்கிச்சு. அது பொய்யின்னு இந்த மனுஷன் என்னிக்காவது வாயத் தொறந்து சொல்லுவாரா, இல்ல அதை உள்ளயே வெச்சுக்கினு செத்துப் போவாரான்னுதான் ஒன்றரை வருஷமா நான் பாத்துக்கினு இருந்தேன்.

சும்மா சொல்லல. ஆளு பாதியா எளைச்சுட்டாரு. கொழம்புல உப்பு இல்லன்னாலும் சாப்புடுவாரு, ரெண்டு தடவ போட்டாலும் சாப்புடுவாரு. நிலாவைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கினு அவ கைய எடுத்து ஒவ்வொரு விரலா தொட்டு எண்ணுவாரு. மொதல்ல வெளாட்டுன்னு நெனைச்சேன். அவ எட்டு வயசுப் பொண்ணு, "அப்பா, நேத்தே பத்து இருந்துச்சு இல்ல, இன்னிக்கு எப்படிக் குறையும்?"ன்னு கேட்டா. அவரு முகம் வெளுத்துப் போச்சு.

நெஞ்சு படபடன்னு அடிக்குது, மூச்சு வாங்குதுன்னு ரெண்டு தடவ லைன்லேருந்தே தூக்கிக்கினு போனாங்க. ஈ.சி.ஜி. எடுத்தாங்க, ஸ்கேன் எடுத்தாங்க, எல்லாம் நார்மல். பாஸ்டரும் வந்து தலைல கை வெச்சு ஜெபம் பண்ணிட்டுப் போனாரு. கடைசில எங்க வழக்கமான டாக்டரு, ஹார்ட்டு நல்லாத்தான்மா கீது, அந்த ஹார்ட்டுல இருக்கறதை யாருகிட்டயாவது சொல்லணும்னு சொல்லி, ஒரு சீட்டுல சந்திரலேகா மேடம் நம்பரை எழுதிக் குடுத்தாரு. நான் என் மனசுல, பைத்தியம்னு முத்திரை குத்திட்டாங்கடா சாமின்னு நெனைச்சேன். அவரு போறேன்னாரு. போன்னு சொன்னா போற ஆளு அவரு.

மொத நாளு அவரு கெளம்பின அழகைப் பாக்கணுமே. சவரம் பண்ணி, கம்பெனி சட்டைய இஸ்திரி போட்டு மாட்டிக்கினு, ஒரு ஃபைலு. ஈ.சி.ஜி., ரத்த டெஸ்ட்டு, ஆதார் ஜெராக்ஸ், ரெண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. "போட்டோ எதுக்குய்யா, இன்டர்வியூவுக்கா போற?"ன்னு கேட்டேன். "கேட்டாவன்னா இருக்கட்டும்ளா"ன்னாரு.

நான் ஏதோ படுக்க வெச்சு கண்ணை மூடச் சொல்லி ஆழ்மனசைத் தோண்டுவாங்கன்னு நெனைச்சேன். அங்க பாத்தா ரெண்டு சேரு, ஒரு டேபிள் ஃபேனு, செவுத்துல ஒரு கடியாரம். அவ்ளோதான். மேடம் என்னை வுட சின்னவங்க, காட்டன் பொடவை. மொதல்ல ஒரு ஃபாரத்தைக் குடுத்து, அதுல இருக்கறதை அவங்களே நிறுத்தி நிதானமா படிச்சு சொன்னாங்களாம். வாரத்துக்கு ஒரு நாளு, அம்பது நிமிஷம். மாத்திரை எழுத மாட்டேன், தேவைப்பட்டா எழுதற டாக்டருகிட்ட அனுப்புவேன். இங்க பேசறது இந்த ரூமை வுட்டு வெளிய போவாது. உங்க உயிருக்கோ அடுத்தவங்க உயிருக்கோ ஆபத்துன்னா, ஒரு கொழந்தைக்குக் கெடுதல்னா, இல்ல கோர்ட்டு கேட்டா, அப்ப மட்டும்தான் சொல்ல வேண்டி வரும். செத்துப் போயிடலாம்னு எப்பவாவது தோணியிருக்கான்னு நேருக்கு நேரா கேட்டாங்களாம்.

"நீ இன்னா சொன்ன?"ன்னு கீழ எறங்கினதும் கேட்டேன்.

"இல்ல மேடம்னேன்."

"வேற?"

"தூக்கம் வருதான்னு கேட்டாவ. வருதுன்னேன். சாப்பாடு செல்லுதான்னு கேட்டாவ. செல்லுதுன்னேன்."

ரெண்டாவது வாரம், மூணாவது வாரம், இதே கதைதான். உள்ள போவாரு, அம்பது நிமிஷம் கழிச்சு சட்டை கசங்காம வெளிய வருவாரு. வெளி பெஞ்சில குந்தினு குந்தினு எனக்கு இடுப்பு வலிதான் மிச்சம். மூணாவது வாரம் வண்டியில வரும்போதுதான் எனக்கு ஒறைச்சுது. பேனாவும் பேப்பரும் வெச்சுக்கினு எதிர்ல ஒருத்தர் குந்தினா இந்த மனுஷனுக்கு அது ஆடிட்டரு. கேட்டதுக்கு மட்டும் பதில். மேல ஒரு வார்த்தை இல்ல. சிரிச்ச முகம். அந்தப் பொம்பளைகிட்டயும் லைனை சுத்தமா காமிச்சுட்டு வந்துக்கினு இருக்காரு.

"நிறுத்து வண்டிய"ன்னேன். பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரை கிட்ட நிறுத்தினாரு. "அவங்க கார் கம்பெனி ஆளாய்யா? உன்கிட்ட குறை கண்டுபுடிச்சு யாருக்கு அனுப்பப் போறாங்க? அவ்ளோ தூரம் போயி எல்லாம் ஓகேன்னு சொல்றதுக்கு வூட்லயே குந்தினு செவுத்துகிட்ட சொல்லலாமே."

"கோர்ட்டுன்னு சொன்னாவல்லா மெர்சி"ன்னாரு. வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டாரு.

எனக்கு வந்த கோவத்துல நாலாவது வாரம் அவரு வெளிய வந்ததும் நான் உள்ள பூந்துட்டேன். "மேடம், இவரு உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லல, தெரியுமா? நான் சொல்றேன், எழுதிக்கோங்க"ன்னேன். மேடம் என்னை உக்காரச் சொல்லி தண்ணி குடுத்தாங்க. அவரு சம்மதிக்காம அவரைப் பத்தி உங்ககிட்ட நான் பேச முடியாதும்மா, நீங்க சொல்லி நான் கேட்டுக்கறதும் சரியில்ல, அவரு சொல்லும்போது சொல்லட்டும்னாங்க. பொண்டாட்டிக்கே சொல்ல மாட்டியான்னு எனக்கு ஆத்திரம். வாய் வரைக்கும் வந்துது. அவங்க அதுக்குக் கோச்சுக்கல. பேச ஆரம்பிச்சா கொஞ்ச நாளைக்கு இப்ப இருக்கறதை வுட கஷ்டமாத்தான் இருக்கும், அதுக்கு நீங்களும் தயாரா இருங்கன்னு மட்டும் சொன்னாங்க. இதுக்கு மேல இன்னா கஷ்டம் கீதுன்னு நெனைச்சுக்கினே படி எறங்கினேன். எனக்கு எதுவும் தெரியாதுன்னு அப்ப எனக்குத் தெரியல.

அன்னிக்கு மேடம் அவருக்கு ஒரு ஷீட்டுக் குடுத்திருந்தாங்க. ரெண்டு வாரத்துக்கு பதினாலு கட்டம். தினமும் காலைல எழுந்ததும், ராத்திரி எத்தினி மணி நேரம் தூங்கினேன், நடுவுல எத்தினி தடவ முழிப்பு வந்துது, மனசுல இன்னா ஓடுச்சு, அவ்ளோதான் எழுதணும். பாதியில ஒருக்கா பாக்கணும், அடுத்த வாரம் கொண்டாங்கன்னு சொல்லியிருந்தாங்க. அதை மடிச்சு ஃபைலுல வெச்சவரு, அடுத்த ஞாயித்துக்கிழமை காலைல நான் இட்லி ஊத்தும்போதுதான் எடுத்தாரு. தட்டுக்குப் பக்கத்துல வெச்சுக்கினு ஊதா பேனாவால கடகடன்னு எழுதினாரு. ஏழு மணி நேரம், ஆறரை, ஏழு, ஏழு. முழிப்பு இல்ல, இல்ல, இல்ல. ரெண்டு நிமிஷம் கூட ஆவல. நான் பாத்துக்கினுதான் இருந்தேன். எனக்கும் அது ஒண்ணும் தப்பா படல. "சட்னி வெக்கட்டுமா"ன்னுதான் கேட்டேன்.

உள்ள நடந்ததை அவரு அப்புறமா கீழ ஜூஸ் கடையில குந்தினு எனக்குச் சொன்னாரு. மேடம் ஷீட்டை வாங்கி ரொம்ப நேரம் பாத்தாங்களாம். அப்புறம் இன்னிக்கு இன்னா கிழமைன்னு கேட்டிருக்காங்க. ஞாயித்துக்கிழமைன்னு சொல்லியிருக்காரு.

"இன்னிக்கு ராத்திரி ஏழு மணி நேரம் தூங்கினதா போட்டிருக்கீங்க ஏசுவடியான். நாளைக்கு ஆறரை. அடுத்த சனிக்கிழமை வரைக்கும் போட்டிருக்கீங்க. அந்த ராத்திரியெல்லாம் இன்னும் வரவே இல்லையே."

பதினாலு கட்டத்தையும் ரொப்பிட்டாரு. காலியா வெச்சா கை சும்மா இருக்காது இல்ல.

மேடம் திட்டலயாம். குத்திக் காட்டலயாம். இது எப்படி வந்துதுன்னு மட்டும் கேட்டாங்களாம். பழக்கம் மேடம்னாரு. எங்க பழகினதுன்னு கேட்டாங்க. அதுக்கு இவரு பதில் சொல்லல. அவங்களும் அடுத்த கேள்வி கேக்கல. ஆடிட்டருன்னா அடுத்த கேள்விக்குப் போயிடுவான். இவங்க போவல, அப்படியே இருந்தாங்க. "கடியாரத்தைப் பாத்தேன், ஃபேனைப் பாத்தேன், அந்த ஷீட்டைப் பாத்தேன் மெர்சி. எனக்கு அது அந்த பிரஸ் ஷீட்டு மாதிரியே தெரிஞ்சுது"ன்னாரு. "இப்பிடித்தான் மேடம் அன்னைக்கும் போட்டேன்னு வாயில வந்துட்டு."

நான் வெளிய பெஞ்சில இருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்துது. அது அழுகைன்னு புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. அவங்க அம்மா செத்தப்ப கூட இந்த மனுஷன் அப்படி அழுதது இல்ல. எழுந்து கதவு வரைக்கும் போனேன். தொறக்கல. திரும்பி வந்து குந்திக்கினு நானும் அழுதேன். அன்னிக்கு அவரு இன்னொண்ணும் சொல்லியிருக்காரு. காலைல எழுந்திருக்காமப் போயிட்டா நல்லாயிருக்கும்னு ரொம்ப நாளா தோணுதுன்னு. மேடம் என்னைக் கூப்ட்டு, அவரு சம்மதத்தோட, அதை எனக்கும் சொல்லி, ஒரு டாக்டருக்கு லெட்டரும் குடுத்து, அவசரம்னா யாருக்குப் போன் பண்ணணும்னு எழுதி என் கையில குடுத்தாங்க. கஷ்டம் இன்னும் ஜாஸ்தி ஆவும்னு அவங்க சொன்னது அப்பதான் எனக்குப் புரிஞ்சுது.

அந்த வாரம் முழுக்க வூடு வூடா இல்ல. அவரு கொழாயடியில குந்தினு அழுவாரு, சோத்துல கைய வெச்சுக்கினு அழுவாரு. நிலா என் முந்தானையை வுடல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷிஃப்டு முடிஞ்சு வந்தவரு, "மேடம் ஒண்ணு கேட்டாவ. விசாரணைக்கு முன்னாடி யார்ட்டயாவது பேசினீங்களான்னு"ன்னாரு.

"நீ இன்னா சொன்ன?"

"யார்ட்டயும் பேசலன்னு சொல்லிட்டேன்."

என்னை நிமிந்து பாக்கல.

இதை நான் உங்ககிட்ட மொதல்லயே சொல்லியிருக்கணும். சொல்ல வாய் வரல. விசாரணை அன்னிக்குக் காலைல, கம்பெனி பஸ்சுக்கு நிக்கும்போது, அவரு என்கிட்ட எல்லாத்தையும் சொன்னாரு. நான் செக் பண்ணல மெர்சி, உண்மையச் சொல்லிடப் போறேன்னாரு. நான்தான் அவரு கையப் புடிச்சுக்கினு சொன்னேன். "ஷீட்டுல டிக் கீது, கையெழுத்து கீது. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. போன விரலு நீ சொன்னா திரும்பி வரப் போவுதா? நமக்கு ஒரு பொண்ணு கீது." அவரு சரின்னாரு. பஸ்சு வந்துது, ஏறிட்டாரு. ஒன்றரை வருஷமா அவரு வாய மூடிக்கினு இருந்தது கோர்ட்டுக்குப் பயந்து மட்டும் இல்ல. அதைத் தொறந்தா நானும் வெளிய வந்துடுவேன். அதுக்குத்தான். நான் வேற அந்த மனுஷனை ஏரிக்கரையில நிறுத்தி வெச்சு வாய் கிழிய திட்டியிருக்கேன்.

ஆறாவது ஞாயித்துக்கிழமை, அவரு சரின்னதால நானும் உள்ள போனேன். சேரு நுனியில குந்தினு, நான்தான் மேடம் அவரைப் பொய் சொல்லச் சொன்னேன்னு சொல்லிட்டேன். நீ இவ்ளோ மோசமான்னு கேப்பாங்கன்னு பாத்தேன். கேக்கல. பரவாயில்லன்னும் சொல்லல. அதை இப்ப சொல்லும்போது உங்களுக்கு எப்படி இருக்குன்னு கேட்டாங்க. "எப்படி மேடம் இருக்கும்? அசிங்கமா கீது"ன்னேன். தலைய ஆட்டி அதைக் கேட்டுக்கினாங்க. மனசு லேசாச்சா, பாரம் எறங்குச்சான்னு யாராவது கேட்டா, எறங்கலன்னுதான் சொல்லுவேன். ரெண்டு பேரும் சேந்து தூக்கினோம், அவ்ளோதான்.

அவரு மேடம்கிட்ட, நான் மாரிராஜைப் போயி பாக்கட்டுமான்னு கேட்டாரு. அவங்க போன்னும் சொல்லல, போவாதன்னும் சொல்லல. இன்னாத்தை எதிர்பாத்துப் போறீங்கன்னு கேட்டாங்க. மன்னிச்சிருவான்னுதான் மேடம்னாரு. மன்னிக்கலன்னா? ஒரு வாரம் யோசிங்க, கம்பெனி விஷயத்துக்கு ஒரு வக்கீலையும் பாத்துடுங்க, அது எனக்குத் தெரியாத வேலைன்னாங்க. ஏழாவது வாரம் போயி, மன்னிக்கலன்னாலும் போறேன் மேடம்னு சொல்லிட்டு வந்தாரு.

மறுநாளு திங்கக்கிழமை கம்பெனியிலயும் எழுதிக் குடுத்துட்டாரு. இப்ப சஸ்பெண்டு பண்ணி வூட்ல கீறாரு, விசாரணைய திரும்ப எடுப்பாங்களாம். அது நடக்கறப்ப நடக்கட்டும். அதுக்கு முந்தின நாளு, மேடம் ரூமுலேருந்து எறங்கி நேரா மாரிராஜைப் பாக்கப் போனதைத்தான் சொல்லணும்.

இருங்காட்டுக்கோட்டையில ஒரு லாரி யார்டு. அவனுக்கு இப்ப அங்க கேட்டுல செக்யூரிட்டி வேலை. உச்சி வெயிலு. எங்க வண்டியப் பாத்ததும் எழுந்து நின்னான். "வாங்க மதினி"ன்னான். அவரை வாங்கன்னு சொல்லல. உள்ளேருந்து ஒரு பிளாஸ்டிக் சேரைக் கொண்டாந்து எனக்குப் போட்டான். நிலாப் பாப்பா எத்தனாப்பு படிக்குன்னு கேட்டான். வலது கைய பேன்ட்டு பாக்கெட்டுக்குள்ளயே வெச்சிருந்தான்.

அவரு நின்னுக்கினே சொன்னாரு. திணறல, சுத்தி வளைக்கல. அன்னைக்குக் காலைல நான் சென்சாரைப் பாக்கல மாரி, திங்கக்கிழமையே மொத்தமா டிக் போட்டுட்டேன், விசாரணையில நான் சொன்னது பொய்யின்னாரு. அவரைப் பொய் சொல்லச் சொன்னது நான்தாம்பான்னு நானும் சொன்னேன்.

மாரிராஜு ரோட்டையே பாத்துக்கினு இருந்தான். "தெரியும்ணே"ன்னான். "நீங்க திங்கக்கெழம டிக் போடும்போது நான் பக்கத்துலதான நின்னேன். பேனாவே என் பேனாதாம்ணே."

நான் சேரை வுட்டு எழுந்துட்டேன்.

"அப்ப அங்கன வச்சே ஏம்ல சொல்லல?"ன்னு இவரு கேட்டாரு.

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

கோவமா சொல்லல. அதான் தாங்கல. ரெண்டு அடி அடிச்சிருந்தா கூட வாங்கிக்கினு வந்திருப்போம்.

அவரு வண்டிப் பையிலேருந்து ஒரு பேப்பரை எடுத்தாரு. ராத்திரியே எழுதி வெச்சிருக்காரு, எனக்கே தெரியாது. தப்பு என்னோடது, மாரிராஜ் மேல எந்தத் தப்பும் இல்லன்னு எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டிருந்தாரு. இது உனக்குல, நாளைக்கு கம்பெனிக்கும் குடுக்கேன், நீ யார்ட்ட காட்டணும்னு நெனைக்கியோ காட்டுன்னு நீட்டினாரு.

மாரிராஜு இடது கையால வாங்கி மெதுவா படிச்சான். ரெண்டு தடவ படிச்சான்.

"எங்க அய்யாட்டதாம்ணே காட்டணும்"னு அவங்க அப்பாவைச் சொன்னான். "அவசரக்குடுக்கை, உன் கைய நீயே தின்னுட்டியேன்னுட்டே இருந்தாவ. நான் இல்லய்யான்னு எத்தனையோ மட்டம் சொன்னேன். கம்பெனி பேப்பர்ல போட்டிருக்கான்லன்னுட்டாவ. மாசியில தவறிட்டாவ."

இன்னாத்தைச் சொல்றது. அந்த மாசி மாசத்துல நாங்க ஸ்கேன் எடுத்துக்கினு, ஜெபம் பண்ணிக்கினு இருந்தோம்.

வெளிய ஒரு லாரி வந்து ஹாரன் அடிச்சுது. மாரிராஜு பேப்பரை நாலா மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கினு, "இருங்கண்ணே"ன்னு சொல்லிட்டு, கேட்டைத் தொறக்கப் போனான்.